ஏழு வருஷக் கொட்டேஷன்

இந்த வாரம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கும் படைப்பு மொத்தமே ஒரு பக்கம்தான். ஆசிரியர் பெயர் கிடையாது. ஒன்பது வரிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண். கடைசியில் பொடி எழுத்தில் ‘ஜி.எஸ்.டி. தனி’ என்று ஒரு திடீர் திருப்பம். கொஞ்ச நாளாக நான் படித்த கதைகளில் இவ்வளவு அதிர்ச்சியான முடிவு எதிலும் இல்லை.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் எழுதிக் கொடுத்த கொட்டேஷன் அது. கடை பெயர் வேண்டாம், விடுங்கள். 2025 ஆடி மாதத்தில் என் தங்கை பையன் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தான். காலேஜில் முதல் வருஷம். “மாமா, கேமிங் பி.சி. வாங்கப் போறேன். ஏழு வருஷம் வரும்னு கடைக்காரர் சொல்றார். ஃபியூச்சர் ப்ரூஃப். நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லிட்டா அம்மா ஓகே சொல்லிடுவாங்க” என்றான்.

பணம் தங்கையுடையது. சீட்டு எடுத்த 80,000 ரூபாய். பையன் அதில் விளையாடப் போகிறான் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. “படிப்புக்கும் உதவும்ணா” என்று என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அடுத்த சீட்டு எடுக்க இன்னும் நான்கு வருஷம் ஆகும் என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

அந்த ஒன்பது வரிகள் இவை: ஐ7 ப்ராஸசர் 26,000. மதர்போர்டு 7,500. ரேம் 16 ஜி.பி. 4,000. கிராஃபிக்ஸ் கார்டு 8 ஜி.பி. 27,000. எஸ்.எஸ்.டி. 512 ஜி.பி. 3,300. கலர் லைட் வைத்த கண்ணாடி கேபினெட் 7,500. லைட் வைத்த கூலர் 2,800. எஸ்.எம்.பி.எஸ். 500 வாட்ஸ் 1,200. அசெம்பிளி 500. ஆக மொத்தம் 79,800. வரி 18 சதவீதம் சேர்த்தால் 94,164.

பட்ஜெட் உதைக்கிறது என்பது இருக்கட்டும். பிரதியைக் கொஞ்சம் உன்னிப்பாகப் படிப்போம்.

*

நல்ல விமர்சகர்கள் ஒரு கதையில் என்ன சொல்லியிருக்கிறது என்பதோடு, எது சொல்லாமல் விடப்பட்டிருக்கிறது என்பதையும் பார்ப்பார்களாம். இந்தக் கொட்டேஷன் முழுக்க முழுக்க சொல்லாமல் விட்ட கலை.

‘ஐ7 ப்ராஸசர்’ என்கிறது. எந்த ஐ7? இன்டெல் முதல் ஐ7-ஐ விற்க ஆரம்பித்தது 2008 நவம்பரில். அதற்கப்புறம் பத்துப் பதினான்கு தலைமுறை ஐ7 வந்துவிட்டது. தலைமுறை எண்ணைச் சொல்லாமல் ‘ஐ7’ என்று எழுதுவது, வருஷத்தைச் சொல்லாமல் ‘மாருதி கார் ஒன்று’ என்று எழுதுகிற மாதிரி.

அடுத்தது ‘கிராஃபிக்ஸ் கார்டு 8 ஜி.பி.’ 2017 ஏப்ரலில் ஏ.எம்.டி. விட்ட ஆர்.எக்ஸ். 580-லும் 8 ஜி.பி. உண்டு. 2025 மே மாதம் என்விடியா விட்ட ஆர்.டி.எக்ஸ். 5060-லும் அதே 8 ஜி.பி.தான். இரண்டுக்கும் நடுவே எட்டு வருஷம். கொட்டேஷனில் இரண்டும் ஒரே வரி.

‘மதர்போர்டு’ என்பது வெறும் ஒற்றைச் சொல். மாடல் இல்லை, கம்பெனி இல்லை. மூன்று வாக்கியங்களுக்கு இடம் தர வேண்டிய பாத்திரம் அது. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

ஆனால் என் கண்ணை உறுத்தியது வேறு. கேபினெட்டும் கூலரும் சேர்ந்து 10,300. இரண்டிலும் நாம் கொடுக்கிற காசில் பாதி வெளிச்சத்துக்கு. இத்தனைக்கும் மின்சாரம் தரவேண்டிய எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு 1,200. கல்யாணத்தில் சீரியல் செட்டுக்குச் செலவழித்துவிட்டு சமையல்காரரிடம் பேரம் பேசுகிற கதை.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. 2007-ல் நான் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். கடைக்காரர் இரண்டு எஸ்.எம்.பி.எஸ். காட்டினார். தூக்கிப் பார்த்தால் ஒன்று கனம், இன்னொன்று தக்கை. தக்கை 600 ரூபாய் மலிவு. மிச்சம் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்தேன். மூன்று வருஷம் கழித்து ஒரு மழைநாள் ராத்திரி கரன்ட் போய்த் திரும்பி வந்தபோது ‘டப்’ என்று ஒரு சத்தம், கருகல் வாசனை. அது தனியாகச் சாகவில்லை. மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. டிஸ்க்கில் என் மகளின் முதல் பிறந்தநாள் போட்டோக்கள் இருந்தன. வேறெங்கும் காப்பி இல்லை. இன்றுவரை என் மனைவி அந்த 600 ரூபாயை மறக்கவில்லை.

*

‘ஃபியூச்சர் ப்ரூஃப்’ என்கிற வார்த்தைக்கு வருவோம். வாட்டர் ப்ரூஃப் என்றால் தண்ணீர் புகாது. ஃபியூச்சர் ப்ரூஃப் என்றால் எதிர்காலம் புகாதா? எதிர்காலம் புகுந்துவிடும் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன்.

2017 மார்ச்சில் ஜி.டி.எக்ஸ். 1080 டி.ஐ. என்று ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வந்தது. விலை 699 டாலர். 11 ஜி.பி. நினைவகம். அதை வாங்கியவர்கள் கெட்டிக்காரர்கள் என்று ஏழு வருஷம் உலகமே மெச்சியது. 2024 டிசம்பரில் ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்’ என்கிற கேம் வெளிவந்தது. அதை விளையாட, ஒளிக்கதிர்களைக் கணக்குப் போடுகிற தனிப்பகுதி கார்டிலேயே இருக்கவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். 2019-ல் 399 டாலருக்கு வந்த ஆர்.டி.எக்ஸ். 2060 சூப்பரில் அது இருந்தது. 699 டாலர் ராஜாவிடம் இல்லை. பலம் போதாமல் தோற்கவில்லை. வாசலில் கேட்ட பாஸ் அவரிடம் இல்லை, அவ்வளவுதான். 2025 அக்டோபரோடு என்விடியா அந்தத் தலைமுறைக்கே புது கேம்களுக்கான டிரைவர் தருவதை நிறுத்திக்கொண்டது.

2017-ல் கடையில் நின்றுகொண்டு இதை யார் சொல்லியிருக்க முடியும்?

ஒன்று மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே தெரியும். கம்ப்யூட்டர் கேம் செய்கிறவர்களில் பலர் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளை மனதில் வைத்துத்தான் செய்கிறார்கள். 2013-ல் வந்த பிளேஸ்டேஷன் 4-ல் மொத்த நினைவகம் 8 ஜி.பி. 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5-ல் 16 ஜி.பி. புதுப் பெட்டி வந்து இரண்டு மூன்று வருஷம், பழைய பெட்டிக்கும் சேர்த்துச் செய்வார்கள். அப்புறம் பழையதைக் கைகழுவிவிட்டு முழு நினைவகத்தையும் தின்ன ஆரம்பிப்பார்கள். 2023-ல் அதுதான் நடந்தது. ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ முதல் பாகம் கம்ப்யூட்டருக்கு வந்தபோது 8 ஜி.பி. கார்டு வைத்திருந்தவர்கள் திண்டாடிப் போனார்கள். ஆக, கேமிங் உலகத்துக்குப் பஞ்சாங்கம் என்று ஒன்று இருந்தால் அது இந்தப் பெட்டிகள்தான்.

கார்டின் நினைவகம் ஏன் இவ்வளவு முக்கியம்? அது சமையல் மேடை மாதிரி. மேடையில் எல்லாம் கொள்ளும்வரை சமையல் ஜோராக நடக்கும். ஒரு பாத்திரம் அதிகமானால் ஒவ்வொரு தடவையும் ஸ்டோர் ரூமுக்கு ஓடவேண்டும். அடுப்பு எவ்வளவு பெரியதாக இருந்து என்ன பிரயோஜனம்? திரையில் அதுதான் திக்கித் திக்கி நிற்பது.

இதில் கம்பெனிகளின் பெயர் விளையாட்டு ஒன்று உண்டு. 2016-ல் ஜி.டி.எக்ஸ். 1060 என்று ஒரே பெயரில் 6 ஜி.பி. கார்டும் 3 ஜி.பி. கார்டும் விற்றார்கள். சின்னதில் நினைவகம் மட்டும் குறைவில்லை, உள்ளே கணக்குப் போடும் கோர்களையும் 1,280-லிருந்து 1,152 ஆகக் குறைத்திருந்தார்கள். 2025 ஏப்ரலில் ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ. என்கிற ஒரே பெயரில் 8 ஜி.பி., 16 ஜி.பி. என்று இரண்டு கார்டு. வித்தியாசம் 50 டாலர். ஒன்பது வருஷம் கழித்தும் அதே நாடகம், நடிகர்கள் மட்டும் வேறு. கொட்டேஷனில் பெயரோடு நிறுத்திக்கொண்டால் நம் வீட்டுக்கு வந்து சேர்வது எது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

*

நான் படித்தது பி.காம். ட்ரான்சிஸ்டர் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் முழிப்பேன். ஆனால் தேய்மானம் தெரியும்.

நம் வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரலுக்கு முன்புவரை கம்ப்யூட்டருக்கு வருஷத்துக்கு 60 சதவீதம் தேய்மானம் கொடுத்தது. அதற்கப்புறம் 40 ஆக்கினார்கள். 80,000 ரூபாய்க்கு வாங்கியதை 40 சதவீதத்தில் எழுதிக்கொண்டே வந்தால், முதல் வருஷ முடிவில் 48,000. அடுத்து 28,800. அடுத்து 17,280. அடுத்து 10,368. ஐந்தாம் வருஷ முடிவில் 6,221. 2013 கம்பெனிகள் சட்டமோ இன்னும் கறார். மேஜைக் கம்ப்யூட்டருக்கு ஆயுள் மூன்றே வருஷம் என்று அட்டவணையே போட்டிருக்கிறது. அரசாங்கம் மூன்று என்கிறது, கடைக்காரர் ஏழு என்கிறார்.

இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள் என்பது என் கட்சி. கம்ப்யூட்டரை ஒரு பொருள் என்று நினைக்கிறார்கள். அது ஒரு பொருள் இல்லை, கூட்டுக் குடும்பம். ஒரே பெட்டிக்குள் மூன்று விதமான ஆயுள் குடியிருக்கிறது.

எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட், மானிட்டர், கீபோர்டு எல்லாம் தாத்தா வகை. நல்லதாக வாங்கினால் பத்து வருஷம் தாண்டும். இரண்டு கம்ப்யூட்டரைப் பார்த்துவிடும். நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸை எப்படிக் கண்டுபிடிப்பது என்று என்னைப் போன்ற பி.காம்.கள் கவலைப்படவேண்டாம். வாரண்டி எத்தனை வருஷம் என்று பாருங்கள். ஐந்து, ஏழு, பத்து வருஷம் எழுதிக் கொடுக்கிற கம்பெனிகள் இருக்கின்றன. தன் காசைப் பணயம் வைக்கிறவன் வார்த்தையைக் கொஞ்சம் நம்பலாம். அட்டையில் இருக்கும் ‘80 பிளஸ்’ முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகாது என்பதைத்தான் சொல்லும். எவ்வளவு நாள் உழைக்கும் என்று சொல்லாது. கேபினெட்டில் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை போதும். மே மாதச் சென்னையில் காற்று உள்ளே போனால்தான் கார்டு மூச்சு விடும்.

மதர்போர்டு, ப்ராஸசர், ரேம் நடுவயதுக்காரர்கள். இங்கேதான் அந்த ஒற்றைச் சொல் விவகாரம். 2017 ஜனவரியில் இன்டெல்லின் ஐ5-7600கே வந்தது. நான்கு கோர். அப்போது அதுதான் கேமிங்குக்கு ராஜா என்றார்கள். அதே 2017 அக்டோபரில் ஆறு கோர் ஐ5 வந்தது. பெயரில் அதே 1151 சாக்கெட். பழைய போர்டில் மாட்டிக்கொள்ளலாமா என்றால் முடியாது, புதுப் போர்டு வாங்கு என்று சொல்லிவிட்டார்கள். ஒன்பது மாதத்தில் கதவை அடைத்தாகிவிட்டது.

அதே வருஷம் ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 போர்டு வாங்கி, அதில் ரைஸன் 5 1600 மாட்டியவருக்கு வேறு அனுபவம். 2022-ல் வந்த ரைஸன் 7 5800 எக்ஸ்3டி-யை, பயாஸை மட்டும் புதுப்பித்து அதே மாதிரிப் பழைய போர்டுகள் பலவற்றில் மாட்ட முடிந்தது. அது மட்டுமில்லை. 2021-ல் வந்த விண்டோஸ் 11, 2017 காலத்து ப்ராஸசர்கள் பலவற்றைச் சேர்த்துக்கொள்ளவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. ஓடிக்கொண்டிருக்கிற மெஷினை சாஃப்ட்வேர் கொன்றது. ஆனால் ப்ராஸசரை மட்டும் மாற்றிக்கொள்ளக் கதவு திறந்திருந்தவர் தப்பித்தார். நீண்ட ஆயுள் என்பது இதுதான். பெரிய ப்ராஸசரை வாங்கிப் போடுவதில் அது இல்லை. மாற்றுவதற்கு இடம் விட்டுவைப்பதில் இருக்கிறது.

மூன்றாவது கிராஃபிக்ஸ் கார்டு. கல்யாண வீட்டு மாப்பிள்ளை. அதிகச் செலவு அவருக்குத்தான், சீக்கிரம் வாடிப்போகிறவரும் அவர்தான். கேமிங் என்று வந்துவிட்டால் இதைத் தவிர்க்க முடியாது. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்காவது அதற்குப் போய்த்தான் ஆகும். இங்கே கஞ்சத்தனம் பண்ணினால் வாங்கியதே வீண். ஏழு வருஷம் வரவேண்டும் என்று இரட்டிப்பாகக் கொட்டினாலும் வீண், 1080 டி.ஐ. கதைதான். மூன்று நான்கு வருஷத்துக்கு வாங்கவேண்டும், நினைவகம் தாராளமாக இருப்பதாகப் பார்த்து வாங்கவேண்டும்.

கார்டின் ஆயுளை நீட்டிக்க ஒரு இலவச வழியும் உண்டு. மானிட்டரைப் பெரிதாக்காமல் இருப்பது. 1080 வரி மானிட்டரில் 20,73,600 புள்ளிகள். 4கே மானிட்டரில் 82,94,400. சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் கார்டுதான் கூலி கொடுக்கவேண்டும். பையனிடம் ஏற்கெனவே 24 இன்ச் 1080 மானிட்டர் இருந்தது. அதை மாற்றக் கூடாது என்பது என் முதல் நிபந்தனை.

*

மறுநாள் நாங்கள் மூன்று பேரும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனோம். தங்கையும் வந்தாள். வேறு கடை. இந்தத் தடவை கொட்டேஷனை எழுதியது பையன். ஒவ்வொரு வரியிலும் முழு மாடல் எண்.

ரைஸன் 5 7600 ப்ராஸசர் 17,500. ஏ.எம்.5 போர்டு 12,500. இந்தச் சாக்கெட்டுக்கு 2027-ம் அதற்கப்பாலும் ப்ராஸசர் தருவதாக ஏ.எம்.டி. சொல்லியிருக்கிறது. எட்டு எட்டாக இரண்டு ரேம், 4,800. ஒற்றை 16-ஐ விட ஜோடி எட்டு வேகம், இரண்டு பாதையில் போய்வரும். 1 டி.பி. எஸ்.எஸ்.டி. 5,500. கிராஃபிக்ஸ் கார்டு ஆர்.டி.எக்ஸ். 3060, 12 ஜி.பி. என்று அட்டையில் பார்த்து உறுதி செய்துகொண்டு, 25,500. வாரண்டியோடு எஸ்.எம்.பி.எஸ். 5,700. வலை வைத்த கறுப்பு கேபினெட் 4,000. வரி உட்பட 75,500.

“லைட்டே இல்லையா தம்பி?” என்று கடைக்காரர் பரிதாபமாகக் கேட்டார். பையன் என்னைப் பார்த்தான். நான் வேறு எங்கோ பார்த்தேன்.

மிச்சம் 4,500. பி.காமில் ‘சிங்கிங் ஃபண்ட்’ என்று ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். தேய்கிற பொருளுக்குப் பதில் வாங்க, முதல் நாளிலிருந்தே ஒதுக்கிவைக்கிற நிதி. காலேஜில் அதை நான் மார்க்குக்காகத்தான் படித்தேன். இப்போது பையன் பெயரில் ஒரு ரெக்கரிங் டெபாசிட். மாதம் 800, முப்பத்தாறு மாதம். வட்டியை விட்டுவிட்டாலும் 28,800. அடுத்த கார்டு அதில் வரும். முதல் ஐந்து தவணை அந்த 4,500-ல் போய்விடும். மிச்சத்தை அவனே சம்பாதித்துக் கட்டவேண்டும். ஏழு வருஷ கம்ப்யூட்டர் என்று ஒன்று உண்டானால் அது கடையில் கிடைக்காது, இப்படித்தான் கிடைக்கும்.

விமர்சகனின் கணக்கு எங்கே உதைத்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். “ரேம் இப்ப 16 போதும்டா, அப்புறம் 32 ஆக்கிக்கலாம், ரேம் விலை எங்கே போகப்போகுது?” என்று நான்தான் பெரிய மனுஷத் தோரணையில் சொன்னேன். 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் உலகத்து மெமரி சிப்பையெல்லாம் வாரிக்கொள்ள ஆரம்பித்தன. டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, சாமானியர்களுக்கு ரேம் விற்றுவந்த க்ரூஷியல் பிராண்டையே மூடப்போவதாக அறிவித்தது. நாங்கள் 4,800-க்கு வாங்கிய ஜோடி, சில மாதத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் போய்விட்டது. எதிர்காலம் யாருக்கும் தெரியாது என்று இவ்வளவு நேரம் எழுதினேன் அல்லவா? அந்த ‘யாருக்கும்’-மில் நானும் அடக்கம்.

பையன் போனில் சொன்னான்: “பரவாயில்லை மாமா, 16-லயே நல்லா ஓடுது. டி.பி. நிறைய இருக்குல்ல, அம்மா கல்யாண ஆல்பத்தை ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்கேன். பென்டிரைவ்ல ஒரு காப்பி, உங்க மெயில்ல ஒரு காப்பி.”

அந்த 600 ரூபாய் கதையை அவனுக்கு நான் சொன்னதே இல்லை. என் மனைவி சொல்லியிருப்பாள்.